எடைக் கருவி காட்டாத மாற்றங்கள்

விளாங்குடியிலிருந்தும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் இளம்பெண்களிடம் ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்கிறோம்: "மூன்று மாதமாக இனிப்பைத் தொடவில்லை, நாள்தோறும் நடக்கிறேன். எடை ஒரு கிலோ கூடக் குறையவில்லை. இனி நடந்து என்ன பயன்?" இவ்வாறு கேட்பவர்களுள் பலர் அடுத்த முறை வருவதில்லை. ஓராண்டு கழித்து வரும்போது மாதவிடாய் மேலும் தள்ளிப்போயிருக்கிறது. இரத்தச் சர்க்கரையும் ஏறியிருக்கிறது. அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் 'கட்டி' என்ற சொல்லே பலரை அஞ்சவைக்கிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முழு வளர்ச்சி அடையாமல் பாதியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகளே அவை. பிரச்சினையின் வேர் பெரும்பாலும் இன்சுலினில் இருக்கிறது. உடல், இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காதபோது கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் தன்மையுள்ள ஹார்மோன்களைப் பெருக்குகிறது. மாதவிடாய் தவறுதல், முகத்தில் முடி, பரு ஆகியவை இதன் விளைவுகள். கழுத்தின் பின்புறம் படியும் கருமையும் மிகை இன்சுலினின் அடையாளமே. அதை அழுக்கென்று எண்ணித் தேய்ப்பதால் தோல் புண்ணாகுமேயன்றிக் கருமை போகாது.

ஆகவே, சிகிச்சையின் முதல் இலக்கு இன்சுலினின் சுமையைக் குறைப்பதே. எடை குறைவது அதற்குத் துணைசெய்யும். எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு மூன்றரை முதல் ஏழு கிலோ. ஆனால், எடை குறைவதற்கு முன்பே உடலுக்குள் நன்மை தொடங்கிவிடுகிறது என்பதைப் பலரும் அறிவதில்லை.

இதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டு வெளிவந்தன. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்குகொண்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களது எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பங்கேற்றோரில் பெரும்பாலோர் நடுத்தர வயது ஆண்கள், அவ்வாய்வு பி.சி.ஓ.எஸ். பற்றியதும் அன்று. எனினும் இன்சுலின் எதிர்ப்பு இரண்டிற்கும் பொதுவானது என்பதால், அதன் பாடம் நம் பெண்களுக்கும் பொருந்தும் என்றே கருதுகிறோம்.

எனவே எடைக் கருவியோடு மேலும் மூன்று அளவுகளைக் கவனியுங்கள்.

முதலாவது, இடுப்பளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், நாடாவால் அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நலம். எடை மாறாமலே இடுப்பளவு குறைவதுண்டு.

இரண்டாவது, இரண்டு மணி நேரச் சர்க்கரை. வெறும் வயிற்றுப் பரிசோதனை இயல்பாக இருந்தால் போதும் என்று நிறைவடைய வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போதுதான் பலரது குறைபாடு வெளிப்படுகிறது. 140 மி.கி.க்குக் கீழ் இயல்பு. 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 200-உம் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள், ஒல்லியாக இருந்தாலும், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கருத்தரிக்க விரும்புவோர் அதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது.

மூன்றாவது, நாள்காட்டி. மாதவிடாய் தொடங்கும் நாளைக் குறித்து வாருங்கள். அறுபது நாள் இடைவெளி நாற்பதாகக் குறைந்தால் அது முன்னேற்றமே. 90 நாள்களுக்கு மேல் வராதிருந்தால் காத்திருக்காமல் மருத்துவரை அணுகுங்கள். கருப்பையின் உட்சுவர் நெடுங்காலம் தடித்தே இருந்தால், பிற்காலத்தில் அங்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும்.

உணவில் பட்டினி வேண்டா, அது நீடிக்காது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், எஞ்சிய கால் பங்கு சோறு என்பதே எளிய கணக்கு. ஐந்து இட்லியை மூன்றாக்கி, காய் மிகுந்த சாம்பாரும் ஒரு முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் பரோட்டா சால்னாவுக்கு மாற்றாகச் சுண்டல் நன்று. ஜிகர்தண்டாவைத் திருவிழா நாளுக்கென்று வைத்துக்கொள்ளலாம். பருத்திப்பாலில் சேர்க்கும் கருப்பட்டியும், நாட்டுச்சர்க்கரையும், வெள்ளைச் சர்க்கரையைப் போலவே இரத்தச் சர்க்கரையை ஏற்றும். கேழ்வரகும் கூழாகக் குடித்தால் விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தக்கூடும்.

இயங்கும் தசை, இன்சுலினின் துணை பெரிதும் இல்லாமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ஆகையால் ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடப்பது சிறந்த மருந்து. திண்டுக்கல் சாலையின் போக்குவரத்தும் மதுரை வெயிலும் தடையானால் மொட்டை மாடியே போதும். வாரத்திற்கு 150 நிமிட விரைவு நடையும், இரு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் இலக்காகட்டும்.

மெட்ஃபார்மின் தேவையா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். தொடக்கத்தில் வயிற்றுப்போக்கோ குமட்டலோ வரலாம். உணவோடு, குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் தணியும். பல ஆண்டுகள் உட்கொள்வோர் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் சீராகும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். இப்போது குழந்தை வேண்டாம் என்போர் கருத்தடை குறித்துக் கேட்டறிய வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். "இன்னும் இளைக்கவில்லையே" என்ற சொல் அப்பெண்ணின் மனத்தைத்தான் வாட்டும். இந்நோயில் மனச்சோர்வும் மிகுதி. அவளுக்கென்று தனிச் சமையல் செய்யாமல், வீட்டார் அனைவரும் அதே தட்டில் சாப்பிடுங்கள். உணவுக்குப் பின் அவளுடன் பத்து நிமிடம் நடந்து வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது, எடைச் சீட்டோடு இடுப்பளவையும் சர்க்கரை முடிவையும் குறித்து வைத்த நாள்காட்டியையும் கொண்டு வாருங்கள். எடை அசையாதிருந்தாலும், உங்கள் முயற்சி வீணாகவில்லை என்பதை அவற்றில் சேர்ந்து பார்ப்போம்.