உடலுக்குள்ளே ஒரு டிக்கெட் பரிசோதனை!

"நான் என்ன பாவம் செய்தேன்?"

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தலைவி கேட்டு அழுத கேள்வி இது. அவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். தாம்பத்திய உறவால் தொற்றும் வைரஸ்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதும், கணவன்-மனைவி ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் சந்தேகம் வீண்!

வைரசின் பெயர் பாப்பிலோமா. 200-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே இந்தப் புற்றுநோயில் 100-க்கு 70 பங்குக்குக் காரணம். ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்டு சூர் ஹாசன் குழுவினர் 1983, 1984-ம் ஆண்டுகளில் இதைக் கண்டறிந்தனர். 2008-ல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

மணமான ஆண், பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒரு முறையாவது இது தொற்றுகிறது. ஆனால் 10-ல் 9 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடுகிறது.

விரட்டுவது யார்?

'டி' செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள்! தோலில் உள்ள காவல் செல்கள் வைரசின் துண்டை நெறிக்கட்டிக்கு எடுத்துச் சென்று காட்டுகின்றன. அதற்குப் பொருத்தமான டி செல் பல்லாயிரமாகப் பெருகிக் கிளம்புகிறது.

உடலின் செல்கள், தமக்குள் தயாராகும் புரதத்தின் துண்டுகளை வெளியே காட்டியபடி இருக்கின்றன. பயணி டிக்கெட்டைக் காட்டுவதுபோல. வைரஸ் புகுந்த செல்லில் ஈ6, ஈ7 என்ற அன்னியப் புரதத்தின் துண்டு தெரியும். டி செல்களில் ஒரு பிரிவு மற்ற செல்களை உசுப்பிவிடும். இன்னொரு பிரிவு, வைரஸ் புகுந்த செல்லைத் துளையிட்டு அழிக்கும்.

எய்ட்ஸ் கிருமி டி செல்களை அழிப்பது. அக்கிருமி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 6 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏமாற்றும் வைரஸ்

பாப்பிலோமாவும் லேசுப்பட்டதல்ல. ரத்தத்தில் கலக்காது. காய்ச்சல் தராது. செல்கள் துண்டு காட்டுவதையே குறைத்துவிடும். இப்படிச் சிலரிடம் ஒளிந்திருந்து, பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் கழித்தே புற்றாகிறது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நோயை வைத்து நடத்தையை எடை போடலாமா?

செய்யவேண்டியது என்ன?

9 முதல் 14 வயதுக்குள் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடலாம். புனே சீரம் நிறுவனத்தின் ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. ஏற்கனவே புகுந்த வைரசை ஊசி விரட்டாது. ஆகவே 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பரிசோதனை அவசியம். மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியினர் 1998 முதல் குடிசைப் பகுதிகளில் சுமார் 1½ லட்சம் பெண்களிடம் ஆய்வு நடத்தினர். சாதாரண அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் சோதனையால் மரணம் 31 சதவீதம் குறைந்தது.

அந்தக் கணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். இப்போது லீவு போட்டு, மனைவியைச் சிகிச்சைக்கு அவரே அழைத்துச் செல்கிறார்.