குடத்தோடு ஓடி வந்த ரசிகை



இந்தப் பகுதியில் வடகம் பிழிந்தது, மாமியாரைச் சமாளித்தது என்று நீங்கள் எழுதுவதையெல்லாம் வாராவாரம் ரசித்துப் படிக்கிறேன். நான் எழுதப் போவது கால்பந்து பற்றி. பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்! எனக்கும் விளையாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்தில் த்ரோபால் ஆட நிறுத்தினால், பந்து வருகிற பக்கத்திலிருந்து ஒதுங்கிக் கொள்கிற ரகம் நான்.

2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீடு முடிச்சூரில், கீழ்ப் போர்ஷன். 1-ந் தேதி ராத்திரி வாசற்படியில் இருந்த தண்ணீர், விடியும்போது கட்டில் மேலே ஏறி விட்டது. இரண்டு நாள் மாடி வீட்டு அக்காவின் ஹாலில் பதினோரு பேர் இருந்தோம். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் ஆளுக்கொரு பையோடு கிளம்பி, திருச்சியில் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நாத்தனார் தங்கமானவள். ஆனாலும் அடுத்தவர் அடுப்படியில் நின்று, கடுகு எங்கே, கரண்டி எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும்போது மனசுக்குள் என்னவோ செய்யும். வீட்டைப் பற்றி யாராவது விசாரித்தால், "எல்லாருக்கும் வந்ததுதானே" என்று சொல்லி விடுவேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

டிசம்பர் 12, சனிக்கிழமை. நாத்தனார் மகன், ஏழாவது படிக்கிறவன், டி.வி.யில் கால்பந்து வைத்திருந்தான். நீலச் சட்டைக்காரர்களைக் காட்டி, "அத்தை, இது உங்க ஊர் டீம். சென்னையின் எஃப்.சி. இந்த செமி ஃபைனல் சென்னையிலதான் நடக்கணும். வெள்ளத்தால புனேவுக்கு மாத்திட்டாங்க" என்றான்.

"அவங்களும் அடுத்தவங்க வீட்டுலதான் இருக்காங்களா?" என்று கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் முந்தானையில் கையைத் துடைத்துக் கொண்டு தரையில் உட்கார்ந்து விட்டேன்.

அன்றைக்கு கொல்கத்தா அணியை 3-0 என்று ஜெயித்தார்கள். நான்கு நாள் கழித்து கொல்கத்தாவில் நடந்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றார்கள். "போச்சா?" என்றேன். "இல்ல அத்தை, ரெண்டு ஆட்டத்து கோலையும் கூட்டிப் பார்ப்பாங்க. நமக்கு நாலு, அவங்களுக்கு ரெண்டு" என்றான் பிள்ளை. தோற்றும் ஜெயிக்கிற கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

20-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, கோவாவில் இறுதி ஆட்டம். அதற்குள் நாங்கள் முடிச்சூர் திரும்பி, சேறு அள்ளிக் கொண்டிருந்தோம். எங்கள் டி.வி. தண்ணீர் குடித்துச் செத்துப் போயிருந்தது. மாடி வீட்டு அக்கா வீட்டில்தான் பார்த்தேன். முதலில் நம்மவர்கள் ஒரு கோல், உடனே கோவா ஒரு கோல். 87-வது நிமிடத்தில் கோவா இன்னொன்று போட்டு விட்டது. அதே நேரம் கீழே தண்ணி லாரி சத்தம். இனி என்ன இருக்கிறது என்று குடத்தை எடுத்துக் கொண்டு இறங்கி விட்டேன்.

ஒரு குடம்தான் பிடித்திருப்பேன். மாடியில் ஒரு கூச்சல். அக்காதான் வழுக்கி விழுந்து விட்டாளோ என்று நினைத்தேன். 90-வது நிமிடத்தில் பந்து கோவா கோல்கீப்பர் மேலேயே பட்டு உள்ளே போயிருக்கிறது. நான் படி ஏறுவதற்குள் இன்னொரு கூச்சல். கூடுதல் நேரத்தில் மெண்டோசா என்ற கொலம்பியாக்காரர் அடித்து 3-2! கோப்பை நமக்கு. இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றபடி அழுதேன். வெள்ளம் வந்து இருபது நாள் கழித்து, அன்றைக்குத்தான்.

என் அணி ஜெயித்த இரண்டு கோலையும் நான் பார்க்கவில்லை. அதனால் என்ன? அன்றிலிருந்து ரசிகை. எழுந்து போகிற ரசிகை என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

வீட்டு வேலையில் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கிரிக்கெட் டெஸ்ட் மேட்ச் என்றால் ஐந்து நாள். கால்பந்து 45 நிமிடம், 15 நிமிட இடைவேளை, மறுபடி 45 நிமிடம். வீணாகும் நேரத்துக்கு நடுவர் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பார். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. முதல் பாதியில் கீரை ஆய்ந்து விடலாம். இடைவேளையில் ஒரு ஈடு இட்லி சரியாக வெந்து விடும். கோலுக்கு அருகில் பந்து போகும்போது வர்ணனையாளர் குரல் தானாக உயரும். அப்போது தலையை நிமிர்த்தினால் போதும். எல்லா ஆட்டத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைத்தால் அதுவும் ஒரு வேலையாகி விடும். நமக்கு இருக்கிற வேலை போதாதா?

பார்க்க முடியாத நாட்களுக்குப் பேப்பரில் வருகிற பட்டியல் இருக்கிறது. ஜெயித்தால் மூன்று புள்ளி, டிரா ஆனால் ஒன்று, தோற்றால் சைபர். காலையில் பால் கணக்கு எழுதும்போது அதையும் பார்த்து விடுவேன். 2015-ல் நம் அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்ததாம். எட்டு அணிகளில் முதல் நான்குக்குள் வந்தால்தான் அரையிறுதி. ஏறி வந்திருக்கிறார்கள். அப்போது பயிற்சியாளர் மாட்டெராசி என்ற இத்தாலிக்காரர். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேன் நெஞ்சில் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர் இவர்தான்!

என்னவருக்கு முதலில் கேலிதான். "ஆஃப்சைடு என்றால் என்ன, சொல்லு பார்க்கலாம்" என்று கையெழுத்துப் பரீட்சை வைப்பார். தோழிகளே, உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும், தெரிந்து கொள்ளுங்கள். நம் ஆள் பந்தை முன்னால் இருப்பவருக்குத் தட்டுகிற அந்த நொடியில், வாங்கப் போகிறவர் எதிரணியின் பாதியில், பந்துக்கும் முன்னால், எதிரணியின் கடைசி இரண்டு பேரில் ஒருவரை மட்டும் எதிரே வைத்துக் கொண்டு நிற்கக் கூடாது. அந்த ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பர்தான். கல்யாணத்தில் இலை போடுவதற்கு முன்பே பந்தியில் போய் உட்கார்ந்து கொள்கிறார்களே, அது மாதிரி. இதைச் சொன்னதும் என்னவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கே அதுவரை பாதிதான் தெரிந்திருந்தது என்பது என் சந்தேகம்.

நேரில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, நேரு விளையாட்டரங்கத்துக்கு நானும் மகளும். புளி சாதம் கட்டிக் கொண்டு போனேன், வாசலிலேயே வாங்கி வைத்துக் கொண்டார்கள். அது ஒன்றுதான் குறை. டி.வி.யில் பந்து மட்டும் தெரியும். நேரில், பந்து இல்லாத ஆட்கள் ஓடி ஓடி இடம் பிடிப்பது தெரிகிறது. ஒருவர் பந்தைத் தொடாமலே எதிராளியை இழுத்துக் கொண்டு போகிறார், அந்தக் காலி இடத்தில் இன்னொருவர் நுழைகிறார். பெயர் அவருக்கு, ஓட்டம் இவருக்கு. வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

2018 மார்ச் 13, அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் சென்னையிலேயே நடந்தது. மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை. டிக்கெட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. டி.வி. சத்தத்தை சுத்தமாக அணைத்து விட்டுப் பார்த்துக் கொண்டிருந்தேன். எதிரணி மறுபடி கோவா. ஜெஜே ஒரு கோல் போட்ட சில நிமிடங்களில் தனபால் கணேஷ் இன்னொன்று போட்டார். வியாசர்பாடி பையன். சொந்த ஊரில், சொந்த மைதானத்தில். என்னை அறியாமல் "ஐயோ" என்று கத்தி விட்டேன். மகள் புத்தகத்தோடு ஓடி வந்து, "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள். பிறகு அவளும் பத்து நிமிடம் நின்று பார்த்தாள். ஆட்டம் 3-0.

நான்கு நாள் கழித்து பெங்களூரில் இறுதி. அந்த வருடம் பட்டியலில் முதலிடம் பிடித்த அணியே பெங்களூர்தான். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டு விட்டார். நான் எழுந்திருக்கவில்லையே! மைல்சன் என்ற பிரேசில்காரர் மூலையிலிருந்து வந்த பந்தை இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அப்புறம் ரஃபேல் அகஸ்டோ ஒன்று. மறுபடியும் 3-2. மறுபடியும் நாம். இந்தத் தடவை எல்லாவற்றையும் பார்த்தேன். சாம்பார்தான் அடிப்பிடித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி, லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டு வந்தது. அன்று ஆட்டம் நடந்ததே எனக்குத் தெரியாது. நம் பெண்கள் ஜெயித்ததை மறுநாள் யாரோ சொல்லித் தெரிந்து கொண்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

தோல்வியும் உண்டு. 2020 மார்ச் 14-ல் கொல்கத்தாவிடம் இறுதியில் 1-3. கொரோனா பயத்தில் ரசிகர்களே இல்லாத மைதானம். பந்தை உதைக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. அன்று வீட்டிலும் யாரும் சாப்பிட வரவில்லை, தட்டு மட்டும் வைத்திருந்தேன்.

மகள் இப்போது வேலை பார்ப்பது பெங்களூரில். அறைத் தோழிகள் எல்லாரும் அந்த ஊர் அணிப் பக்கம், இவள் ஒருத்தி நீலச் சட்டை. இரண்டு ஊருக்கும் ஆட்டம் வந்தால் கடைசி ஐந்து நிமிடத்துக்கு எனக்கு போன் வந்து விடும். "அம்மா, எங்க இருக்கே? தண்ணி பிடிக்கப் போயிடாதே, இன்னும் நாலு நிமிஷம் கொடுத்திருக்காங்க."

- ஒரு வாசகி, முடிச்சூர்