காக்காவும் தாத்தாவும்



கூரை மேல் உட்கார்ந்த காக்கையைக் காட்டி உங்கள் குழந்தை "தாத்தா" என்கிறதா? கத்தியைத் "தத்தி" என்றும், குடையைத் "துடை" என்றும் சொல்கிறதா? இரண்டு, இரண்டரை வயதில் இது மழலை, கேட்க இனிமை. நாலு வயது தாண்டியும் இப்படியே பேசினால் கவனிக்க வேண்டும்.

"அவங்க மாமாவும் ஆறு வயசு வரைக்கும் இப்படித்தான் பேசினாரு, தானா சரியாயிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். சிலருக்குத் தானாகச் சரியாவது உண்டு. எல்லோருக்கும் ஆவதில்லை.

எது இயல்பு?

மூன்று வயதில் குழந்தையின் பேச்சில் பெரும்பகுதி வெளியாருக்கும் புரிய வேண்டும். நாலு வயதில் ஏறக்குறைய எல்லாமே புரிய வேண்டும். ர, ற, ழ போன்ற ஒலிகள் சற்றுப் பிந்தி வரலாம், பயம் வேண்டாம்.

காரணம் என்ன?

நாக்குத் தடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு நாக்கில் கோளாறே இராது. 'க' வரும் இடத்தில் 'த' போடுவதென்று குழந்தை ஒரு வழக்கம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாக்கில் வசம்பு தேய்த்தாலும், அடித்தாலும் அது மாறாது. ஆனால் சிலருக்குக் காது மந்தமாக இருக்கக்கூடும். ஆகவே முதலில் காதுப் பரிசோதனை அவசியம்.

பயிற்சி எப்படி?

பேச்சுப் பயிற்சியாளர் காக்கை படம் ஒன்றும் தாத்தா படம் ஒன்றும் வைப்பார். "காக்காவைக் காட்டு, தாத்தாவைக் காட்டு" என்று முதலில் காதைப் பழக்குவார். அடுத்து, குழந்தை கேட்கும் படத்தை அவர் எடுத்துக் கொடுப்பார். காக்கை வேண்டிய குழந்தை "தாத்தா" என்றால், தாத்தா படமே கைக்கு வரும். "நான் கேட்டது இதில்லையே!" என்று குழந்தை விழிக்கும். ஒலி மாறினால் பொருளே மாறும் என்பது அப்போதுதான் அதற்கு விளங்கும். பிறகு நாக்கு நுனியைத் தாழ்த்தி, பின்நாக்கை உயர்த்தி 'க' சொல்லப் பழக்குவார். சொல்லில் வந்த ஒலி, வாக்கியத்திலும் பேச்சிலும் படிப்படியாகப் படியும். பல ஒலிகள் தவறும் குழந்தைக்கு, ஒலிகளை மாற்றி மாற்றிச் சுற்றுமுறையில் பழக்குவதும் உண்டு.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

1. "தாத்தா பறக்குது" என்று குழந்தை சொன்னால், "ஆமாம், காக்கா பறக்குது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். நீங்களும் மழலை பேசாதீர்கள்.

2. விருந்தாளி முன் பேசச் சொல்லிச் சிரிக்காதீர்கள். "சரியா சொல்லு" என்று அதட்டாதீர்கள்.

3. பயிற்சியாளர் சொன்னதைத் தினமும் சிறிது நேரம் விளையாட்டாகச் செய்யுங்கள்.

எங்கே போவது?

அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். தேவையானால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

பள்ளியில் சேர்ந்த பின், பேசுகிறபடியே எழுதும் குழந்தைகள் உண்டு. மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் வாயே திறக்காமல் போகும் குழந்தைகளும் உண்டு. அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நாலு வயதில் காட்டுங்கள்; வகுப்பில் உங்கள் குழந்தை வாய் திறந்து பேசட்டும்!