அக்கரைச் சீட்டு – 11: விசா வேண்டாம் என்ற சொல்

ஆதனக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோரம் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையைப் பார்த்திருப்பார்கள். என் அத்தை நாற்பது வருஷம் அந்தப் புகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைத்தவர். வறுத்த கொட்டையைத் தட்டும்போது தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் தப்பாது. தோல் உரியும், கறுக்கும், புதுத் தோல் வரும், மறுபடி உரியும். ரேஷன் கடை மிஷினில் அத்தையின் ரேகை ஒரே தடவையில் விழுந்ததே இல்லை.

அந்த அத்தையைப் போன ஆண்டு மலேசியாவுக்கு அனுப்பிவைத்தோம். மகள் கிள்ளானில் இருக்கிறாள், இரண்டாவது பிரசவம். "விசாவே வேண்டாமாம்ப்பா, பாஸ்போர்ட் இருந்தா ஏறி உக்காந்துரலாமாம்" என்று அத்தையிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். டிக்கெட் போட்டுக்கொடுத்த கடையிலும் அதையேதான் சொன்னார்கள். நானும் நம்பினேன். பத்திரிகையில் எழுதுகிறவன், அதுவும் இந்தத் தொடரை எழுதுகிறவன், ஒரு வார்த்தை சரிபார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வேன் பிடித்து, மூட்டை முடிச்சோடு நேரே போய் இறங்கினோம். 2024 ஜூனில் திறந்த புது முனையம், பளபளவென்ற தரை. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். போட்டுக்கொள்ளச் சொன்னோம். பெட்டி போடும் இடத்தில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "அம்மா, எம்.டி.ஏ.சி. போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு சார். ஃபோன்லயே போட்டுடலாம், பத்து நிமிஷம். ஓரமா நின்னு போட்டுட்டு வாங்க" என்றார் அவர்.

சுவரோரம் நின்று கைப்பேசியில் படிவத்தைத் திறந்தேன், ஆங்கிலத்தில் இருந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள், மின்னஞ்சல், கைப்பேசி எண், போய்ச் சேரும் நாள், திரும்பும் நாள், விமான எண், எந்த ஊரிலிருந்து ஏறுகிறார், எங்கே தங்குவார். அத்தைக்கு மின்னஞ்சல் கிடையாது, என்னுடையதைக் கொடுத்தேன். பாஸ்போர்ட் எண்ணில் ஒரு வட்டம் இருந்தது. அது பூஜ்யமா, ஆங்கில எழுத்தா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றேன். இந்தியப் பாஸ்போர்ட் எண் என்றால் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கம். ஆகவே முதல் இடத்துக்குப் பிறகு வரும் வட்டம் எல்லாமே பூஜ்யம்தான். அன்றைக்கு அது நினைவுக்கு வர இரண்டு நிமிஷம் ஆனது.

தங்கும் முகவரியில் அஞ்சல் குறியீடு கேட்டது. கிள்ளானுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டோம். மகள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: ஜாலான், அப்புறம் ஒரு பெயர், தாமான், அப்புறம் இன்னொரு பெயர், ஐந்து இலக்கம். "ஜாலான்னா என்னடி?" என்று அத்தை கேட்டார். "ரோடும்மா. தாமான்னா நம்ம நகர் மாதிரி." படிவத்தை அனுப்பியதும் என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அத்தையின் பெட்டி உருண்டு உள்ளே போனது.

அன்று இரவே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் தேடிப் படித்தேன். இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று மலேசியா அறிவித்தது 2023 நவம்பர் கடைசியில், நடைமுறைக்கு வந்தது டிசம்பர் 1. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். வருகை அட்டை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்ப வேண்டும். காசு கிடையாது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் மலேசியாவில் நிரந்தரவாசம் பெற்றவர்களுக்கும் வேண்டாம். நமக்கு வேண்டும். ஆக, விசாவை எடுத்துவிட்ட கையோடு படிவத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முதல் செய்தி நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்தது. இரண்டாவது செய்தி வரவே இல்லை.

இங்கே மூன்று சங்கதிகளை எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். விசா என்பது ஓர் அதிகாரி உங்கள் காகிதங்களைப் பார்த்து எடுக்கும் முடிவு. மின் பயண அனுமதி, அதாவது இ.டி.ஏ., விசா தேவையில்லாதவர்களுக்கானது. உங்கள் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் கணினி தன்னிடம் உள்ள பட்டியல்களோடு ஒத்துப்பார்த்து, 'வாசல் வரை வரலாம்' என்று சொல்வது. வருகை அட்டை இன்னும் எளியது, இன்ன நாள் இன்ன இடத்துக்கு வருகிறேன் என்று நீங்களே முன்கூட்டித் தெரிவிப்பது. மூன்றில் எது கையில் இருந்தாலும், உள்ளே விடுவதா வேண்டாமா என்பது கடைசியில் அங்கே கவுண்ட்டரில் இருப்பவர் கையில்தான்.

விசா வேண்டாதவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கும் வழக்கத்தை 1996-ல் ஆஸ்திரேலியா தொடங்கியது. அமெரிக்கா 2009 ஜனவரியில் எஸ்டாவைக் கட்டாயமாக்கியது. கனடா 2016-ல் வந்தது. பிரிட்டன் 2023 நவம்பரில் கத்தார் நாட்டவரோடு ஆரம்பித்து, 2025 ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியர்களிடமும் கேட்கிறது. ஐரோப்பியர்களிடம் கேட்கத் தொடங்கிய ஒரே வாரத்தில் கட்டணம் 10 பவுண்டிலிருந்து 16 ஆனது. பாரிஸ் லா ஷப்பேலில் இருக்கும் ஈழத்துக் குடும்பமோ, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பமோ லண்டனில் ஒரு பூப்புனித நீராட்டுக்குப் போவதென்றால், முன்பு பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தால் போதும். இப்போது கைக்குழந்தை உட்பட ஆளுக்கொரு அனுமதி, ஆளுக்கொரு கட்டணம்.

இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஓர் ஏற்பாடு. அனுமதி இல்லாத ஆளை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம். போதாததற்கு அந்த ஆளைத் திரும்பக் கொண்டுபோய் விடும் பொறுப்பும் அதனுடையதே. அதனால் விமான நிறுவனமே ஏறும் ஊரில் கேட்டுவிடுகிறது. கோலாலம்பூரின் வாசல் திருச்சியில் பெட்டி போடும் இடத்துக்கே வந்துவிட்டது.

நமக்குப் பக்கத்து நாட்டிலேயே இ.டி.ஏ. உண்டு. இலங்கை 2012 ஜனவரியிலிருந்து கேட்கிறது. 2023 நவம்பரில் இந்தியர்களுக்குக் கட்டணத்தை விலக்கியபோது இங்கே 'இலங்கைக்கு விசா ஃப்ரீ' என்று செய்தி ஓடியது. விலக்கியது கட்டணத்தை மட்டும். இ.டி.ஏ. எடுத்தே ஆக வேண்டும் என்பது அப்படியே இருந்தது. 'ஃப்ரீ' என்ற ஒரு சொல்லை நாம் காசு இல்லை என்றும் எடுத்துக்கொள்கிறோம், எதுவுமே வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்கிறோம். பிறகு 2024 ஏப்ரலில் அந்த வேலையைத் தனியார் வசம் ஒப்படைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, செப்டம்பர் கடைசியில் பழைய முறைக்கே திரும்பினார்கள். ஒரே ஆண்டில் இத்தனை மாற்றம். அந்த நாட்டுக்கும் எங்களுக்கும் இடையில் உள்ள கடலில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் படகுகள் எல்லை தாண்டியதாகப் பிடிபடும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அந்தக் கோடு எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அவ்வளவு அருகில்.

முன்கூட்டிய அனுமதி எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில் அம்மாபட்டினம், தொண்டி போன்ற சிறு துறைகளிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கண்டிக்கு நடந்தவர்கள் எங்கள் முன்னோர். பாதி வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. தேயிலைக் காலத்தில் தோட்டத் துரைமார் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார்கள். திருச்சியில் 1904-ல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் அலுவலகம் போட்டது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை சமஸ்தானம் எனக் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். திரட்டிய ஆளுக்கு ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்திருக்கும். அந்த வில்லையைக் காட்டினால் ரயில், கப்பல், சோறு எல்லாம் தோட்டத்துக் கணக்கில் ஏறும், பிறகு ஆளின் கடனில் ஏறும். மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அக்கரைக்கு விட்டார்கள். இக்கரையிலேயே சோதித்து அனுப்புவது என்ற எண்ணம் அன்றைக்கே முழுசாக இருந்திருக்கிறது.

அந்த வில்லையையும் என் கைப்பேசிக்கு வந்த மின்னஞ்சலையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். வில்லை கட்டியவரை விலைபேசினார்கள். அத்தை தன் காசில் தன் மகளைப் பார்க்கப் போனார். ஆனால் வில்லையில் என்ன பொறித்திருக்கிறது என்று கட்டியவருக்கு வாசிக்கத் தெரியாது. மின்னஞ்சலில் என்ன இருக்கிறது என்று அத்தைக்கும் தெரியாது. அந்த இடம்தான் என்னை உறுத்துகிறது.

வாசிக்கத் தெரியாத இடத்தில் யாராவது வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மலேசிய அட்டை, சிங்கப்பூர் அட்டை, 2025 மே முதல் தாய்லாந்து கேட்கும் அட்டை மூன்றும் இலவசம். அசல் போலவே தோற்றமளிக்கும் தளங்களை நடத்திக் காசு பிடுங்குகிறார்கள். இதைப் பற்றி அந்தந்த அரசுகளே எச்சரித்திருக்கின்றன. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம் என்றால் தளப்பெயர் (டொமைன்) 'ஐஎம்ஐ டாட் ஜிஓவி டாட் எம்ஒய்' என்று முடிய வேண்டும். அட்டைக்குக் காசு கட்டச் சொன்னாலே அது வேறு கடை.

அதைவிட மோசமானது, 'விசா இல்லை, போய் வேலை பார்த்துக்கலாம்' என்று ஆள் பிடிப்பவர்கள். இந்த 30 நாள், சுற்றிப்பார்க்கவும் சொந்தக்காரர்களைப் பார்க்கவும் மட்டும். வேலைக்குப் போவதென்றால் பெர்மிட் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று குறிக்கிறார்கள். அவர்கள் மலேசியாவுக்கு வேலைக்குப் போக 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதியும் வேண்டும்.  அத்தையிடமும் திருச்சியிலேயே நம் அதிகாரி திரும்பும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். அத்தை அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தார்.

பெயர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிறோம். பல நாட்டுப் படிவங்கள் பெயருக்கு இரண்டு பெட்டிகளைக் காட்டி இரண்டையும் நிரப்பு என்கின்றன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசா இல்லை என்று சொன்னபோது துபாய் டிக்கெட்டோடு தவித்த தமிழ்க் குடும்பங்கள் பல. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அக்கரைத் தமிழர் பாடு வேறு மாதிரி. மலேசியத் தமிழர் பாஸ்போர்ட்டில் மகன் என்பதற்கு ஏ, எல் என்ற எழுத்துகளும் மகள் என்பதற்கு ஏ, பி என்ற எழுத்துகளும் நடுவில் ஒரு சாய்கோட்டோடு வரும். பல படிவங்கள் அந்தக் கோட்டை ஏற்பதில்லை. குலசாமி கும்பிட இங்கே வரும் பேரப்பிள்ளைகள் நம் நாட்டு இ-விசாவோடு இதே மல்லுக்கட்டை நடத்துகிறார்கள். 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவும் வெளிநாட்டவருக்கு மின் வருகை அட்டை கொண்டுவந்துவிட்டது.

அத்தை கோலாலம்பூரில் இறங்கியதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 2011 முதல் அங்கே வெளிநாட்டவரின் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பதிவுசெய்கிறார்கள். அத்தை வைத்தார், விழவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள், விழவில்லை. பின்னால் வரிசை நின்றது. அதிகாரி அவர் கையைத் திருப்பிப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டாராம். பக்கத்துக் கவுண்ட்டரில் இருந்த தமிழ்ப் பெண் எட்டிப்பார்த்து, "அம்மா, கையில என்ன?" என்று கேட்டிருக்கிறார். "முந்திரிக்கொட்டை உடைக்கிறதும்மா." அந்தப் பெண் ஈரத்தாள் ஒன்றை நீட்டி, விரலை அழுத்திப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். ஐந்தாவது தடவை விழுந்தது.

பிள்ளை பத்தொன்பதாம் நாள் பிறந்தது. பெண் குழந்தை. அத்தை காயம் இடித்துக் கொடுத்தார், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார், தொட்டில் கட்டினார். இருபத்தொன்பதாம் நாள் டிக்கெட். முந்தின ராத்திரி வீடியோவில் கூப்பிட்டார். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, அன்னைக்கு ஏர்ப்போர்ட்ல நின்னு எழுதுனியே, திரும்புற தேதி. அதுல இன்னும் ஒரு பத்து நாள் கூட்டி எழுதியிருக்கக் கூடாதா?"

எத்தனை நாள் கூட்டி எழுதினாலும் முப்பதுதான் அத்தை, அதுக்கு மேல ஒரு நாள் இருந்தாலும் குத்தம், மறுபடி உன்னை உள்ள விட மாட்டாங்க என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(தொடரும்)