மொறிஸ் மைனருக்குள் இருப்பது எந்த எஞ்சின்?

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் ஏ40ஐயோ பார்த்ததும் அது எந்த ஆண்டுக் கார் என்று சொல்லிவிடலாம். அதன் எஞ்சினின் வயதைச் சொல்வது அவ்வளவு சுலபமல்ல. 1990களின் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டில் அரிதாகின. ஒரு காரின் எஞ்சினைக் கழற்றி மற்றதில் பூட்டி ஓட வைப்பதே மெக்கானிக்மாரின் வழியாயிற்று.

முதலில் வம்சத்தைப் பார்ப்போம். 1948இல் வந்த மைனரில் இருந்தது, பழைய மொறிஸ் எயிற் காரின் 918 சிசி பக்கவால்வு எஞ்சின். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாயின. அதோடு ஒஸ்ரின் ஏ30இன் 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது. இதுதான் ‘ஏ சீரிஸ்’. 1956இல் 948 சிசியாகவும் 1962இல் 1098 சிசியாகவும் அது பெருத்தது. மினி காரில் 2000ஆம் ஆண்டுவரை ஓடியதும் இதே குடும்பம்தான். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் இந்தியாவின் அம்பாசிடரிலும் இருந்த 1489 சிசி எஞ்சின் ‘பி சீரிஸ்’ என்ற வேறு குடும்பம்.

அடையாளம் காணும் முதல் வழி, எஞ்சின் புளொக்கின் வலப்பக்கத்தில் டைனமோவுக்கு மேலே உள்ள எண் தகடு. 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்த எஞ்சின்களில் ‘9எம்-யு-எச்’ போன்ற குறி இருக்கும். 9 என்றால் 948 சிசி, 10 என்றால் 1098 சிசி. எம் மொறிஸைக் குறிக்கும். கடைசி எழுத்து எச் ஆனால் அமுக்க விகிதம் அதிகம், எல் ஆனால் குறைவு.

இந்தக் கடைசி எழுத்து யாழ்ப்பாணத்துக்கு முக்கியமானது. தடைக் காலத்தில் கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டும். அமுக்கம் குறைந்த எஞ்சின் அதைத் தாங்கும். ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், சிலிண்டர் தேயும்.

தகடு தொலைந்திருந்தால் அளந்து பார்க்கவேண்டும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்தால் விட்டம் ஒரு மில்லிமீற்றர் வரை கூடலாம். பிஸ்ரன் ஏறியிறங்கும் தூரம் மாறாது. 1098இல் அது 83.7 மி.மீ. 803இலும் 948இலும் 76.2 மி.மீ.தான். ஆனால் இவ்விரண்டின் விட்டத்துக்கும் 5 மி.மீ. வித்தியாசம் இருப்பதால், எவ்வளவு கடைந்திருந்தாலும் குழப்பம் வராது.

பழைய காரைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் எஞ்சின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் பொருந்தவில்லை என்பதற்காக எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தக் காரிலிருந்து, யார் கழற்றிப் பூட்டியது என்று வீட்டில் உள்ள முதியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். தொழிற்சாலைப் பதிவேட்டில் இல்லாத வரலாறு அது.