சிக்கல்வழிக் கற்றலும் பொறியியல் மாணவரின் நிலைத்திருத்தலும்: அல் ஐன் பாலைச்சோலையை முன்வைத்து

பொறியியல் கல்வியில் இடைநிற்றலை மாணவரின் திறமைக் குறைவாகவே கருதும் போக்கு நெடுங்காலமாக உண்டு. 1975இல் வின்சென்ட் டின்டோ முன்வைத்த கோட்பாடு இதற்கு மாறானது. பாடத்தோடும் உடன்பயில்வோரோடும் மாணவர் கொள்ளும் பிணைப்பே அவரைப் படிப்பில் நிலைக்கச் செய்கிறது என்பது அதன் சாரம். சிக்கல்வழிக் கற்றல் இவ்விரு பிணைப்புகளையும் ஒரே சிறுகுழுவுக்குள் உருவாக்க முனைகிறது. 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்வியில் தொடங்கிய இம்முறையை, 1974இல் நிறுவப்பெற்ற டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் செயல்திட்டங்களோடு இணைத்துப் பொறியியலில் வளர்த்தெடுத்தது.

இம்முறையில் நல்ல சிக்கல் எது என்பதை அல் ஐன் நகரைக் கொண்டு விளக்கலாம். ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழகம் 1976இல் இங்குதான் தொடங்கப்பெற்றது. 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரின் பாலைச்சோலைகளை வளர்த்தவை 'ஃபலஜ்' எனப்படும் கால்வாய்கள். தாய்க்கிணற்றின் நீரைச் சரிவின் துணையால் மட்டுமே அவை பேரீச்சந்தோப்புகளுக்குக் கொணர்ந்தன. அச்சரிவு எவ்வளவு இருத்தல் வேண்டும்? மிகுந்தால் கால்வாய் அரிக்கும். குறைந்தால் வண்டல் படியும். இவ்வினாவை எதிர்கொள்ளும் முதலாண்டு மாணவர் நில அளவை, பாய்ம இயக்கவியல், மண்ணியல் ஆகியவற்றின் தேவையைத் தாமே உணர்வர். பாடம் முன்னும் பயன் பின்னுமாக வரும் வரிசை இங்கே தலைகீழாகிறது.

ஆயினும் நல்ல சிக்கல் மட்டும் போதாது. சுமை மிகுந்தால் மாணவர் சோர்வர். ஒருவர் உழைப்பில் மற்றவர் ஒதுங்குவதும் உண்டு. பொறுப்புகளைச் சுழற்சியில் பகிர்தலும், குழு மதிப்பீட்டோடு தனியாள் மதிப்பீடும், விடை கூறாது வினா எழுப்பும் ஆசிரியரும் இன்றியமையாதவை.

மொழியும் இங்கே கருதத்தக்கது. அரபு பேசும் அமீரக மாணவர் பொறியியலை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலவழிப் பொறியியலுக்கு வருவோர் நிலையும் இதுவே. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார், எந்திரப் பொறியியலில் தமிழ்வழிப் படிப்பைத் தொடங்கிற்று. ஆங்கிலவழி வகுப்புகளிலும் குழு விவாதத்தைத் தாய்மொழியிலும் அறிக்கையை ஆங்கிலத்திலும் அமைக்க இயலும். அங்ஙனம் அமையாத குழுவில் மொழித் தயக்கத்தால் எழும் மௌனம் ஆர்வமின்மையாகவே பதிவாகும். இடைநிற்றலின் தொடக்கம் பெரும்பாலும் அம்மௌனமே.