மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் சங்கராபுரம் பக்கத்து வீடுகளில் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். அப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவான். ஆயா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பாள். முதலாவது பிள்ளைக்கு, இரண்டாவது ஆயாவுக்கு என்பேன்.

மதம் ஏன் ஆறுதல் தருகிறது என்று கேட்டால் பலரும் நம்பிக்கையிலிருந்துதான் தொடங்குவார்கள். 1927இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டு, காக்கும் தகப்பனுக்காக ஏங்கும் குழந்தை மனத்தைக் கடவுளுக்குப் பின்னால் கண்டார். இருக்கலாம். எனக்கென்னவோ அந்த ஒரு ரூபாய்தான் பெரிதாகப் படுகிறது. செய்ய ஒன்றுமில்லை என்ற நிலையில் கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. “வேண்டிக்கிட்டேன், இனி அவ பாத்துக்குவா” என்று சொல்லிவிட்டு ஆயாவால் படுக்க முடிகிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கியும் இதைக் கவனித்தார். கரையோரக் காயலில் மீன் பிடிக்க அங்கே மந்திரம் கிடையாது. ஆபத்தான ஆழ்கடலுக்குப் போவதென்றால் சடங்கு மேல் சடங்கு. கல்வராயன் மலையில் வானம் பார்த்து விதைப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் பழங்கதை ஒன்றில், காஞ்சிபுரத்தில் இருப்புக் கொள்ளாமல் அவர்களின் சாமி கரிராமனே மலைக்குப் புறப்பட்டுவிடுகிறார். அவர் பின்னால் இம்மக்களின் முன்னோரான அண்ணன் தம்பி மூவர் வருகிறார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு, சாமியும் நம்மோடு ஊரை விட்டு வந்தவர்தான் என்பது எவ்வளவு பெரிய தெம்பு!

சரி, இந்த ஆறுதலை அளக்க முடியுமா? ஒருமுறை அளந்திருக்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டில். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் மனநோயாளிகள் வந்து தங்குவது வழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர் ரகுராமும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் அங்கே தங்கிய 31 பேரை ஆராய்ந்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் இருந்தார்கள். வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருப்பார். காலையில் சிறிது நேரம் பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சில்லறை வேலைகள். மந்திரிப்பதோ பேயோட்டுவதோ இல்லை. நோயின் கடுமையைக் குறிக்கும் மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை வெளியிட்டது. மருந்து வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. ஆனால் விரட்டாத இடம், கூட ஒரு மனுஷர், நாளுக்கு ஒரு ஒழுங்கு ஆகியவை எவ்வளவு செய்யக்கூடும் என்பதை அது கோடிகாட்டுகிறது.

இந்த மூன்றும் இல்லாமல் கோயில், தர்காவின் பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மனநோயாளிகளை அழைத்து வரும் தர்கா உள்ள ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

ஆகவே ரூபாயை முடிந்து வைக்கும் ஆயாவைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் வீட்டில் ஒருவர் தனக்குத்தானே பேசுகிறார், நாள்கணக்கில் தூங்கவில்லை என்றால், குறி கேட்கப் போகுமுன் 14416 என்ற இலவச எண்ணை அழையுங்கள். அது அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.